பிரம்பு விழுந்தால் கள்

பிஸ்தோ செத்த நாற்பதாம் நாள் காலை, அவன் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த செந்தோவின் முன்னால் பிஸ்தோவின் மனைவி பன்யாங் வந்து நின்றாள். கையில் கழுவிய இறைச்சிச் சட்டி. விறகு கேட்க வந்தவள் போலத்தான் முகம் இருந்தது. கேட்டது வேறு.

"கும்பாரே, அவரு ஏன் அந்தக் கத்திய விடல?"

செந்தோ கோடாலியைக் கீழே வைத்தான். பிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன். அந்த உறவில்தான் அவள் அவனைக் கும்பாரே என்பாள், அவன் அவளைக் குமாரே என்பான். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும் பிஸ்தோவுக்காக நடந்த ஜெபத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆமென் சொன்ன கையோடு நழுவிக்கொண்டிருந்தான்.

நடந்ததைச் சந்தையே பார்த்தது. பிஸ்தோ தேங்காய் வியாபாரி. குடிகாரன் ஒருவன் பக்கத்துக் கடைக்காரியின் கழுத்துச் சங்கிலியில் கை வைக்க, பிஸ்தோ தேங்காய் வெட்டும் கத்தியோடு குறுக்கே போய் நின்றான். வெட்டுவதற்கு அல்ல, விரட்டுவதற்கு. குடிகாரன் பாய்ந்து அந்தக் கத்தியின் கைப்பிடியையே பற்றிக்கொண்டான். அவன் இழுத்தான், பிஸ்தோ விடவில்லை. மறுபடி இழுத்தான், அப்போதும் விடவில்லை. குடிகாரனின் மற்றொரு கை தன் இடுப்பில் செருகியிருந்த கத்திக்குப் போனதைப் பார்த்து மீன்காரிகள் அலறினார்கள். பிஸ்தோவின் கவனமெல்லாம் பிடியில் இருந்தது. விலாவுக்குக் கீழே ஒரே குத்து. விழுந்த பிறகும் தேங்காய்க் கத்தி அவன் கையில்தான் இருந்தது.

எஸ்கிரிமா என்ற பிரம்புச் சண்டை தெரியாதவன் இப்படிச் செத்தால் தலைவிதி என்று விட்டுவிடலாம். இந்த மலையடிவாரத்தில் பிரம்பு எடுத்த எவனுக்கும் தெரிந்தது இது: ஆயுதம் எதிராளி பிடியில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிடு, கை மிஞ்சினால் போதும். ஆனால் எப்போது விடுவது என்பதுதான் சங்கதி. முந்தினால் பயந்தாங்கொள்ளி, பிந்தினால் மணிக்கட்டு முறியும். அந்த நேரம் பிஸ்தோவுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எதிராளி முழு பலத்தையும் போட்டு இழுக்கும்போது விரல்களைத் திறந்துவிடுவான். இழுத்தவன் பிரம்பும் கையுமாக மல்லாக்க விழுவான். எழுந்திருப்பதற்குள் பிஸ்தோவின் வெறுங்கை அவன் தொண்டையில் இருக்கும். அப்புறம் ஒரு சிரிப்பு வேறு.

குடிகாரனையும் அப்படி மல்லாத்தியிருக்கலாம். அதைத்தான் பன்யாங் கேட்டாள்.

"அந்த நேரத்துல என்ன தோணுச்சோ, யாருக்குத் தெரியும் குமாரே" என்றான் செந்தோ. சொல்லும்போதே அவனுக்கு அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நான்தான் காரணம். ஞாயித்துக்கிழமை ஆனா ஆட்டத்துல பிரம்ப விட்டதுக்காக உங்களுக்கெல்லாம் கள்ளு வாங்கி ஊத்திட்டு வெறுங்கையோட வருவாரு. 'ஒரு குச்சிய ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'ன்னு கேட்டேன். ஒரு தடவ இல்ல, வாராவாரம் கேட்டேன். கொஞ்ச நாள்ல வெறுங்கையோட வர்றது நின்னுபோச்சு. திருந்திட்டாருன்னு சந்தோஷப்பட்டேன், பாவி." சட்டியைக் கீழே வைத்துவிட்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "கெட்டியாப் பிடின்னு சொன்னது நான்தான் கும்பாரே. பிடிச்சுக்கிட்டே போயிட்டாரு."

பேசாமல் இருந்தால் பழி அவளோடு போய்விடும். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அவள் இனி வாழும் காலமெல்லாம் புருஷனைக் கொன்றவளாகவே தூங்கி எழுவாள். பேசினால் இந்த வீட்டு வாசலை அவன் மறுபடி மிதிக்க முடியுமா என்பது சந்தேகம்.

"குமாரே, அந்தக் கள்ளுச் சட்டம் யாரு போட்டதுன்னு தெரியுமா?"

"எல்லாருந்தான். வெளையாட்டுக்குன்னாரு."

"எல்லாரும் இல்ல. நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னால அவன ஜெயிக்கவே முடியல. பிடிச்சா விட்டுடுவான், விட்டா நான் மண்ணக் கவ்வணும். அவன் சிரிப்பான். பொறுக்க முடியல எனக்கு. அதான், பிரம்பு கீழ விழுந்தாலும் அடுத்தவன் கைக்குப் போனாலும், விட்டவன் கள்ளு வாங்கணும்னு ஒருநாள் சொன்னேன். நம்ம பசங்களுக்குக் கேக்கணுமா, கள்ளுன்னதும் கை தட்டிட்டானுங்க. அவன் மட்டும் என்னைப் பாத்தான். எதுக்குச் சொல்றேன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே சரின்னான். கள்ளு வாங்கிக் கட்டுப்படி ஆகாமதான் பிடிய இறுக்க ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் நான் ஜெயிச்சேன் குமாரே. அவன் கைய அப்படி ஆக்கினது நீங்க இல்ல. நான்."

பன்யாங் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளந்த விறகில் நாலைந்தைப் பொறுக்கிச் சட்டியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வெறகு போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போய்விடலாம் என்றுதான் செந்தோவும் நினைத்தான். ஆனால் ஜெபம் முடிந்ததும் நண்பனுக்காக முற்றத்தில் பிரம்பு எடுப்பதாக ஏற்பாடு. ஓலைப் பொட்டலத்துச் சோறும் இறைச்சியும் சாப்பிட்டு முடித்ததும், பாதோங் இரண்டு பிரம்புகளோடு எழுந்து ஒன்றை அவனிடம் நீட்டினான். பாதோங் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். உடம்பும் மூட்டை மாதிரிதான்.

"வாண்ணே. பிஸ்தோ அண்ணன் பாத்துக்கிட்டிருப்பாரு. மானத்த வாங்கிடாத."

ஆட்டம் சூடுபிடித்தது. பிரம்புகள் மோதும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. செந்தோ ஒரு முடிவோடுதான் இறங்கியிருந்தான். இன்று மாட்டினால் விட்டுவிடுவது. பிஸ்தோ விடுவதைப் போல, நேரம் பார்த்து, அழகாக. அந்தச் சட்டம் இன்றோடு ஒழியட்டும்.

பாதோங் அவன் அடியை வாங்கி, பிரம்பின் நுனியைப் பிடித்து செந்தோவின் மணிக்கட்டுக்கு மேலே சுற்றி இறுக்கினான். இழுத்தான். இதுதான் நேரம். விடு என்றான் செந்தோ மனதுக்குள்.

விரல்கள் திறக்கவில்லை.

மறுபடி சொன்னான். விரல்கள் இன்னும் இறுகின. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகப் பழக்கிய கை! சொந்தக்காரன் சொல்லை அது ஏன் கேட்கப்போகிறது? வலி முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறியது. அந்தச் சந்தையில் பிஸ்தோ விட நினைத்திருப்பான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நினைத்திருப்பான். முடிந்திருக்காது.

"விடுண்ணே! ஒடிஞ்சிரும், விடு!" என்றான் பாதோங். அவனும் விடவில்லை. அவன் கையும் அதே சட்டத்தில் வளர்ந்ததுதானே.

செந்தோவின் கண்ணில் நீர் முட்டியது. வலியால் மட்டும் அல்ல. சுற்றி நின்றவர்களின் முகம் மங்கியது. அப்போது அடுக்களை வாசலில் பாத்திரம் விழுந்து உருண்டது.

"விட்டுடுங்க!" பன்யாங் ஓடி வந்தாள். கையெல்லாம் கரி. "போனாப் போகுது, விட்டுடுங்க! கள்ளு நான் வாங்கித் தரேன்... நான் வாங்கித் தரேன், விட்டுடுங்க!"

அவள் பார்த்தது செந்தோவை அல்ல, அவன் கையை.

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாதோங்கும் பிடியை விட, பிரம்பு மண்ணில் விழுந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் சேர்ந்து "கள்ளு!" என்று கூவுவார்கள். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. பன்யாங் முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்து, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள்.