இருபத்தெட்டு கிலோமீட்டர் உயரத்துக் காற்று

உத்தமபாளையத்தில் ஜீப் நின்றுவிட்டது. முன்னால் சபரிமலைக்குப் போகும் வேன்கள், பின்னாலும் சபரிமலைக்குப் போகும் வேன்கள், நடுவில் நாங்கள். என் மடியில் இருந்த லேப்டாப்பில், எங்கள் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கடைசிப் புள்ளி பதினொன்று நாற்பதுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு திரையில் ஒன்றுமே வரவில்லை.

"அக்கா, மலையத் தாண்டியிருந்தா?" என்றான் விஷால்.

"தாண்டல."

"தாண்டியிருந்தா பெரியாறு காடு. யானைகிட்டதான் போயி கேக்கணும்."

"வாய மூடிக்கிட்டு ஓட்டுடா."

ஓட்ட வழியில்லை என்று எனக்கும் தெரியும். பதற்றம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் எரிந்து விழுவது என் குணம். விஷால் பழனிசெட்டிபட்டிக்காரன், மூன்று வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறான், பழகிவிட்டான்.

அன்று காலை ஆறரைக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து எங்கள் பலூன் கிளம்பியது. கீழே தொங்கியது ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் ஓர் உருளை, உருளையின் மேல் நான்கு வடிதாள்கள். இருபது, இருபத்து நான்கு, இருபத்தெட்டு கிலோமீட்டர் உயரங்களில் ஒவ்வொரு தாளாக வெளியே நீட்டி, அங்கிருக்கும் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள கந்தகத் துகள்களைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். நான்காவது தாள் எதையும் பிடிக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா போய்விட்டு வரும். இறங்கும்போது பெட்டியின் மூடி தானாகவே மூடி, நான்கு கிளிப்பும் பூட்டிக்கொள்ளும், காற்றுப் புகாது.

இதெல்லாம் எதற்கு என்று என் அம்மாவே கேட்டிருக்கிறாள். பூமி சூடாகிறது, அதனால் வானத்தில் கந்தகத்தைத் தூவி வெயிலைக் குறைக்கலாம் என்று சில நாட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தூவுவதற்கு முன்னால், நம் தலைக்கு மேலே இப்போது எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று யாராவது அளந்து வைக்கவேண்டாமா? அந்த யாராவது நான். இதற்கு முன் விட்ட இரண்டு பலூன்களில் ஒன்று கடலுக்குப் போனது, ஒன்று மேலேயே வெடித்தது. இது மூன்றாவது, கடைசியும்கூட. மார்ச்சோடு திட்டமும் முடிகிறது, என் வேலையும் முடிகிறது.

பெட்டியைப் பலூனிலிருந்து அறுத்துவிட்டு, பாராசூட்டில் ஆண்டிபட்டிப் பக்கம் இறக்குவதாகத்தான் ஏற்பாடு. கயிற்றை அறுக்கும் கட்டளை ஆறு முறை போய், ஏழாவது முறைதான் கேட்டது. அதற்குள் காற்று அதைக் கம்பம் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுவந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் சின்னக் குளிர்விப்பான் ஒரு மணிவரைதான் ஓடும். அதன்பிறகு வெயிலில் கிடந்தால் உள்ளே சூடேறும், தாளில் ஒட்டியிருப்பது உருமாறிவிடும். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ, பெட்டிக்காரவுகளா?"

எனக்கு உயிர் வந்தது. "ஆமாண்ணே! எங்கன இருக்கீக?"

"காமயகவுண்டன்பட்டி. எம்பேரு ராக்கப்பன். நம்ம திராட்சத் தோட்டத்துல, பந்தல் மேல வந்து உக்காந்திருக்குத்தா ஒங்க பெட்டி. குடைத்துணி கம்பியில சிக்கிக்கிச்சு. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. மேல நம்பர் போட்டிருந்துச்சு, அதான் அடிச்சேன்."

அந்த ஒட்டுத்தாள் வாசகம் நானே எழுதியது. 'பயப்பட வேண்டாம். இது அறிவியல் கருவி. இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' அவ்வளவுதான். 'திறக்காதீர்கள்' என்று அலுவலகத்தில் போடச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். திறக்காதே என்று எழுதினால்தான் திறந்து பார்ப்பார்கள், என் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா என்று கூட்டத்தில் பெருமையாகப் பேசினேன். நான் சின்னமனூரில் பிறந்தவள்.

"அண்ணே, அத வெயில்ல வைக்கக் கூடாது. குளுகுளுன்னு வச்சிருக்கணும். நாங்க வர நேரமாகும். ஃபிரிட்ஜு ஏதாச்சும் இருக்கா?"

"ஃபிரிட்ஜு என்னத்தா ஃபிரிட்ஜு, கூல் ரூமே இருக்கு. நாங்க எக்ஸ்போர்ட்டுக்கு சீட்லெஸ் போடுறோம்ல."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னேன்: "அப்ப எக்ஸ்போர்ட் பழத்த எப்பிடிப் பாத்துக்கிருவீகளோ, அதே பக்குவத்துல வச்சிருங்கண்ணே. அது போதும்."

"அத நாங்க பாத்துக்கிறோம். நீ பதறாம வா."

போனை வைத்துவிட்டு விஷாலைப் பார்த்தேன். "பாத்தியா, நாலு பக்கத்துக்கு வழிமுறை எழுதி வச்சிருக்காக. ஒரே வாக்கியத்துல முடிச்சேன்."

"நீங்க பெரிய ஆளுக்கா" என்றான். கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

காமயகவுண்டன்பட்டி போய்ச் சேர மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. ராக்கப்பன் ரோட்டிலேயே நின்றிருந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பந்தலுக்குக் கீழே குனிந்தபடி கூட்டிப்போனார். தலைக்கு மேலே குலைகள் தொங்கின. குடைத்துணி விழுந்த இடத்தில் இரண்டு ஆள் நீளத்துக்குக் கொடி நசுங்கிக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது கெடக்குது, வாத்தா" என்றார்.

தோட்டத்தின் ஓரத்தில் குளிர் அறை. கனமான கதவைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்ததுபோல் ஒரு வாடை வந்தது. அட்டைப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு பெஞ்சு, அதன்மேல் துவைத்த வேட்டியை விரித்து, அதன்மேல் எங்கள் பெட்டி. மூடி மூடியிருந்தது. நான்கு கிளிப்பும் பூட்டியிருந்தன.

விஷால் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினான். வெப்பமானியைப் பார்த்தான். "நாலு டிகிரிக்கா! நம்ம லேப்லகூட இப்பிடி இருக்காது." என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவன், பாதியில் வெட்கப்பட்டு ராக்கப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

எங்கள் திட்டத் தலைவர் ராஜபாண்டி சாரைக் கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். அன்று குரலே மாறியிருந்தது. "ஜோதி, ரொம்ப நல்ல செய்திம்மா. இரு, மேலே சொல்லிட்டு ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன். மீட்புப் படிவத்தைப் போன்லயே முடிச்சிடலாம்" என்றார்.

விஷால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனான். ராக்கப்பனின் மனைவி சுருளியம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நல்லா சூடு எறங்குனப்பறந்தான் ஆத்தா மூடுனோம்."

"எத மதினி?"

"ஒங்க பெட்டியத்தான். மூடியபடியே குளிருக்குள்ள வச்சா உள்ளுக்குள்ள வேர்த்துப்போகும்ல? பழம்னா அன்னைக்கே நாறிரும். மூடியத் தெறந்து காத்தாடிக்கு நேரா வச்சு, உள்ளுக்குள்ள சூடு எறங்கவிட்டுத்தான் மூடணும். இவுகளுக்கு அவசரம், அரை மணி போதும்னாக. நான்தான் விடல. ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் மூடவிட்டேன்."

மோர்ச் செம்பு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"கிளிப்பு நாலயும் பதனமாத்தான் எடுத்தேன்" என்றார் ராக்கப்பன். "உள்ள ஒரு உருள இருந்துச்சு. அதுல கை வைக்கவே இல்ல."

எங்கள் வீட்டிலும் திராட்சை இருந்தது. ஆனால் பன்னீர் திராட்சை. வெட்டினால் கூடையில், கூடையிலிருந்து லாரியில், மறுநாள் காலை சந்தையில். குளிர் அறையை நான் கண்டதில்லை. பழத்தின் பக்குவம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அண்ணே, உள்ள ஒரு வாடை அடிக்குதே, அது என்ன?" என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

ராக்கப்பன் ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். பழத்தின்மேல் வெள்ளையாக ஒரு தாள் கிடந்தது. "கந்தகத் தாளு. பூசணம் புடிக்காம இருக்க. இதுலருந்து லேசா வாயு வந்துக்கிட்டே இருக்கும்."

அறையில் நூற்றுக்கணக்கில் பெட்டிகள் இருந்தன. ஒன்றரை மணி நேரம், காற்றாடிக்கு நேராக, மூடி திறந்தபடி. நாங்கள் இருபத்தெட்டு கிலோமீட்டர் உயரத்தில் தேடிய கந்தகம், ஒரு சிட்டிகையில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

ஜீப்புக்கு நடந்தேன். விஷாலிடம் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நாலாவது தாளும் அதே காத்துலதானக்கா இருந்துச்சு? அதுல எவ்வளவு ஏறியிருக்கோ, அத மத்த மூணுலயும் கழிச்சிரலாம்."

"நாலுலயும் ஒரே அளவு ஏறுச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஏறலன்னும் யாரும் சொல்லல." அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "உள்ள இருக்குற பதிவுக்கருவி எறங்குனப்பவே பேட்டரி இல்லாம நின்னுருச்சு. அதுல ஒண்ணும் தெரியாது. கிளிப்பு பூட்டியிருக்கு. இவுக ரெண்டு பேரும் எந்த சார்கிட்டயும் போயி சொல்லப்போறதில்ல. அக்கா, மூணு வருஷம்."

எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். மூன்று வருஷம், கடலில் போன ஒரு பெட்டி, வானத்தில் வெடித்த ஒரு பலூன், மார்ச்சுக்குப் பிறகு சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாத ஒரு வீடு. மூடி தானாக மூடிக்கொண்டது, யாரும் தொடவில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் கழித்தது சரியில்லை என்றால் கணக்கில் கந்தகம் கூடுதலாக வரும். மேலே ஏற்கெனவே இவ்வளவு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தூவினால் என்ன என்று எங்கோ ஒருவன் என் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவான். அவனுக்குக் கிடைப்பது காமயகவுண்டன்பட்டிக் குளிர் அறையின் எண்.

போன் அடித்தது. ராஜபாண்டி சார். விஷால் என் கையைப் பிடித்தான். "அக்கா, ஒரு நிமிஷம் யோசிங்க."

எடுத்தேன்.

"ஜோதி, எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். படிவம் போட்டுடுவோமா? இறங்கிய இடம்?"

"காமயகவுண்டன்பட்டி. திராட்சைத் தோட்டம்."

"வெளிச்சேதம்?"

"இல்ல சார்."

"உள்வெப்பம்?"

"நாலு டிகிரி."

"பிரமாதம். மூடி திறக்கப்பட்டதா?" கேட்டுவிட்டு அவரே, "இல்லைன்னு போட்டுக்கறேன்" என்றார்.

"திறக்கப்பட்டது சார்."

ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் அவ்வளவையும் சொன்னேன். குளிர் அறை, காற்றாடி, கந்தகத் தாள், ஒன்றரை மணி நேரம். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"நாலு தாளுமா?"

"நாலும் சார்."

"இது வேற யாருக்காவது தெரி..." என்று ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, அதை முடிக்கவில்லை. "திறந்தவங்க பேர் கேக்குது படிவத்துல."

ராக்கப்பனும் சுருளியம்மாளும் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். எங்களுக்குக் கொடுப்பதற்காக அவர் கையில் ஒரு பெட்டி பழம்.

"நாகஜோதின்னு போடுங்க சார்."

"நீ அங்கே இல்லவே இல்லையேம்மா."

"நான் சொல்லித்தான் திறந்தாங்க. என் பேரைப் போடுங்க."

போட்டுக்கொண்டாரா என்று தெரியாது. கட் செய்துவிட்டார்.

ராக்கப்பன் பழப்பெட்டியைத் தரையில் வைத்தார். "தெறந்திருக்கக் கூடாதாத்தா?"

"கூடாதுண்ணே."

"கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போச்சு. தப்பு எம்மேல. ஒங்களுக்குச் சரியாச் சொல்லல."

சுருளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான், நான்தான் ஒன்றரை மணி நேரம் விடாம..." என்று அவள் சொல்லத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில், எல்லாரும் பார்க்க, அழுதேன்.

ராக்கப்பன் பக்கத்தில் வந்தார். "அழாதத்தா. அடுத்தத எப்ப விடுவீக? எந்த மாசம்னு மட்டும் சொல்லு. நம்ம காமயகவுண்டன்பட்டியில ஒரு தோட்டம் விடாம சொல்லி வச்சிருறேன். ஒங்க பெட்டி எந்தப் பந்தல்ல வந்து விழுந்தாலும் மூடிய ஒரு பய தொடமாட்டான். நான் பொறுப்பு."

அடுத்தது என்று ஒன்று இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்து விஷால், "தை கழிச்சு விடுவோம்ண்ணே. தேதி முடிவானதும் மொத போன் ஒங்களுக்குத்தான்" என்றான்.

ராக்கப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழப்பெட்டியின் அட்டையில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் விஷாலை மறுத்து ஒன்றும் பேசவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.