பின்னாடி, என் பக்கம்

மகள் கலைப்பிரியாவை விழுப்புரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்றுதான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி வண்டி எழுபதைத் தொட்டதும், மேலே எங்கோ விமானம் போகிற மாதிரி ஒரு ரீங்காரம். துரைக்கண்ணு கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைத்தால் சத்தமும் குறைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது.

"பின்னாடி, என் பக்கம்" என்றாள் அவர் மனைவி அம்சா.

முன் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் போகிற லாரியைப் பார்த்துத் தன் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது என்று சொல்லி, அவள் எப்போதும் பின் சீட்டில் இடது ஓரமாகத்தான் உட்காருவாள்.

"சத்தம் முன்னாடி வருது. இங்க, என் காலுகிட்ட" என்றார் துரைக்கண்ணு.

அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் அவர்களுடையது. நாலு ஏக்கர் சொந்த நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும். கார் இருபது வருஷத்துப் பழையது. திண்டிவனத்து டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. அதன் ஒவ்வொரு முனகலும் தனக்கு அத்துப்படி என்பது துரைக்கண்ணுவின் எண்ணம். ஊரில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் போனெட்டைத் திறந்து வைத்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்த்திராத அம்சா இடம் காட்டியதை அவர் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் டயர் என்று நினைத்தார். முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டார். சத்தம் போகவில்லை. அலைன்மென்ட் பார்த்தார். போகவில்லை. திண்டிவனத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் தாமே முன் வலது சக்கரத்தைக் காட்டி, "இதுல பேரிங் போயிருக்கு, மாத்திடுப்பா" என்றார். அவரும் மாற்றிக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ரீங்காரம் கேட்டது. இப்போது அதற்குள் ஒரு கரகரப்பும் சேர்ந்திருந்தது.

"நான் சொல்லிக்கினே இருக்கேன், நீங்க காதுல வாங்க மாட்டேன்றீங்க. பின்னாடிங்க. என் பாதத்துக்குக் கீழ வந்து இடிக்குது" என்றாள் அம்சா.

"நீ வேற. பழைய வண்டின்னா அப்படித்தான். இது ஒரு பேஜாரா?"

மூன்றாவது வாரம் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். கூட்டேரிப்பட்டுக் கூட்ரோடு வந்ததும் அம்சா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பலகாரப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நான் பஸ்ல வர்றேன்."

"இன்னா அம்சா, இன்னா ஆச்சு?"

"இந்தச் சத்தம் போன வாரம் இருந்த சத்தம் இல்ல. எனக்குப் பயமா இருக்குது. நீங்களும் வண்டிய இங்கயே ஓரங்கட்டிட்டு வாங்க."

கோபத்தில் அவர் வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் அவள் பையை மார்போடு அணைத்தபடி நிற்பது சின்னதாகிக்கொண்டே போனது.

தனியாக ஓட்டும்போதுதான் அவர் அந்தச் சத்தத்தை உள்ளபடியே காது கொடுத்துக் கேட்டார். அதுவரை அதைத் தாம் கேட்கவேயில்லை, அதோடு வாதாடிக்கொண்டு மட்டும் இருந்தோம் என்று பட்டது. சர்வீஸ் ரோட்டு வளைவு ஒன்றில் வண்டியை வலப்பக்கம் திருப்பினார். ரீங்காரம் திடீரென்று எகிறியது. இடப்பக்கம் திருப்பினார், அமுங்கியது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு நாற்பதைத் தாண்டவேயில்லை. அம்சா ஏறிய பஸ் முண்டியம்பாக்கத்துக்கு முன்னாலேயே ஹாரனை அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் கண்ணிலிருந்து மறைகிறவரை எட்டி எட்டி அவர் வண்டியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் காத்திருந்தாள். துரைக்கண்ணு இறங்கி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"எங்க காட்டலாம், சொல்லு" என்றார்.

அம்சா வழி காட்டினாள். கலைப்பிரியாவின் தோழி ஒருத்தியின் அப்பா, சவரிராயன், கண்டாச்சிபுரம் போகிற ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, சட்டை முழுக்க கிரீஸ். துரைக்கண்ணு மூன்று வாரக் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். முன் வலது சக்கரத்தைத் தாமே காட்டி மாற்றியதையும் சேர்த்து. சவரிராயன் கேட்டுவிட்டு அம்சாவைப் பார்த்தார்.

"அக்கா இன்னா சொல்றாங்க?"

"பின்னாடி, இடது" என்றாள் அம்சா. மூன்று வாரத்தில் அவளிடம் அதை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏறுங்கக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். மெதுவாத்தான் போவேன், பயப்படாதீங்க."

சவரிராயன் ஓட்டினார். துரைக்கண்ணு பக்கத்தில். ஆளில்லாத நீளமான ரோட்டில் அவர் வண்டியை வலப்பக்கம் ஒடித்து, இடப்பக்கம் ஒடித்து, பாம்பு போகிற மாதிரி ஓட்டினார். வலப்பக்கம் போகும்போதெல்லாம் சத்தம் ஏறியது.

"வலது பக்கம் திருப்புனா வண்டியோட கனம் இடது சக்கரத்து மேல சாயுதுண்ணே. சத்தம் அப்பதான் ஏறுது. அப்ப இடது பக்கம்தான். அக்கா சொன்னதுல பாதி சரி. முன்னாடியா பின்னாடியான்னு பாக்கணும். என் காது முப்பது வருஷமா சுத்தியல் சத்தம் கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சு."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினார். முழ நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையைச் சக்கரத்துக்குப் பின்னால் அச்சின் மேல் ஊன்றி, பிடியை அம்சாவின் காதோரம் நீட்டினார்.

"இத காதுல ஒட்டி வெச்சுக்கங்க. நான் சக்கரத்த சுத்தறேன். உள்ள இன்னா நடக்குதுன்னு சொல்லுங்க."

அம்சா புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் குந்தினாள். கண்களை மூடினாள். முன் வலது சக்கரம் சுழன்றது.

"சுத்தமா இருக்குது."

முன் இடது. "இதுவும்."

பின் வலது. கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "இது பழசு. ஆனா ஒரே மாதிரி ஓடுது."

பின் இடது சக்கரத்துக்கு வந்தார்கள். சவரிராயன் கையால் ஒரு சுற்று விட்டார். வெளியே நின்ற துரைக்கண்ணுவுக்குப் பிரேக் லேசாக உரசுகிற ஓசை மட்டும்தான் கேட்டது. அம்சாவின் புருவம் நெளிந்தது.

"இன்னொரு வாட்டி, மெதுவா."

சக்கரம் சுழன்றது.

"கேப்பை அரைக்கும்போது ஒரு கல்லு மாட்டிக்கிச்சுன்னா கேக்குமே, அந்த மாதிரி. வருது, போவுது. வருது, போவுது. ஒரே ஒரு இடத்துலதான். உள் பக்கமா இருக்குது."

துரைக்கண்ணுவும் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். தம் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. ரோட்டில் ஒரு டிராக்டர் போவது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

சவரிராயன் சக்கரத்தைக் கழற்றினார். நடுவிலிருந்த மூடியைத் தட்டி எடுத்து, நட்டைத் திருகி, டிரம்மை இழுத்தார். அதற்குள் இரண்டு பேரிங்குகள். வெளிப்பக்கத்து பேரிங் நன்றாக இருந்தது. உள்பக்கத்து பேரிங்கைத் தட்டி வெளியே தள்ளி, மண்ணெண்ணெயில் கழுவினார். கறுத்த கிரீஸ் கரைந்ததும் இரும்பு மினுங்கியது. குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கிற மெல்லிய தகட்டுக் கூண்டு ஓரிடத்தில் விண்டிருந்தது. அவர் அதை நெம்பி நீக்கிக் குண்டுகளைத் தட்டில் கொட்டினார். பிறகு வெளி வளையத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்கண்ணே."

கண்ணாடியாய் வழவழத்த பாதையில் ஒரே ஒரு குழி. கடுகளவுகூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றார் துரைக்கண்ணு.

"இவ்ளோதான். இந்தச் சின்னக் குழியில ஒவ்வொரு குண்டும் விழுந்து எழுந்து போனதுதான் அந்தச் சத்தம். வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குது. கிலோமீட்டருக்கு அறுநூறு சுத்து வெச்சுக்கங்க, பன்னெண்டு கோடி. பன்னெண்டு கோடி சுத்து சுத்தியிருக்குது இது, வாயத் திறக்காம." சவரிராயன் வளையத்தைத் தட்டில் வைத்தார். அவர் குரல் தணிந்தது. "கூண்டு விண்டு போச்சு பாருங்க. முழுசா ஒடைஞ்சிருந்தா சக்கரம் பூட்டிக்கும், இல்லாட்டி ஆடி ஆடிக் கழண்டுக்கும். ஹைவேல நூறுல போகும்போது..." மீதியைச் சொல்லாமல் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

துரைக்கண்ணு தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்தார். கழுவித் துடைத்த அது குளிர்ந்து கனமாக இருந்தது. அதில் அவர் முகமும், பின்னால் வெயிலும், பக்கத்தில் குந்தியிருந்த அம்சாவின் புடவையும் வளைந்து தெரிந்தன. தாம் பிறந்த நாளிலிருந்து இந்த மாதிரி எத்தனை கோடி விஷயங்கள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தார். அம்சாவைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம். முதல் தடவை பார்ப்பதைப் போல இருந்தது.

கலைப்பிரியாவுக்கு இரண்டு வயதில் சளி பிடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சாதாரணச் சளி என்று அவர் சொன்னார். மூச்சு விடுற சத்தம் சரியில்லை என்று இவள் ஒற்றைக்காலில் நின்று குழந்தையை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நிமோனியாக் காய்ச்சல், நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார்கள் டாக்டர்கள். ஏதோ அதிர்ஷ்டம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுவதை வீட்டிலிருந்தே சொல்வாள். அவருடைய பைக் பக்கத்து ஊர் எல்லையில் வரும்போதே உலை வைப்பாள். எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

"எப்படி அம்சா?" என்று கேட்டார்.

"இன்னா எப்படி?"

"இது உனக்கு எப்படிக் கேட்டுது?"

அவள் யோசித்தாள். கேள்வியே அவளுக்குப் புதிதாக இருந்தது. "உங்களுக்குக் கேக்கலயா?" என்றாள். கிண்டல் இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"கேக்கல" என்றார் துரைக்கண்ணு. "நீ சொன்னதையும் நான் கேக்கல. தப்பு என்னுதுதான்."

சவரிராயன் அவசரமாகத் திரும்பிப் புது பேரிங்கின் டப்பாவைப் பிரிக்க ஆரம்பித்தார். அம்சா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

மகளைப் பார்த்துப் பலகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மணி நாலு. ஹைவேயில் ஏறி எழுபதைத் தொட்டதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டயர் தாரில் ஓடுகிற மெல்லிய ஓசை. காற்று. அவ்வளவுதான்.

"இப்ப இன்னா கேக்குது, சொல்லு" என்றார் அவர், ஆசையாக.

"முன் கதவு ரப்பர்ல எங்கியோ காத்து உள்ள வருது. டேஷ்போர்டுல ஒரு காசு கிடந்து உருளுது. உங்களுக்கு மூக்கு அடைச்சிருக்குது." இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது" என்றாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். ஜன்னலில் தலை சாய்த்து அவள் தூங்கிப் போயிருந்தாள். மூன்று வாரமாக இந்த வண்டியில் ஒரு நிமிஷம்கூட அவள் கண்ணை மூடியதில்லை என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேகத்தை அறுபதுக்குக் குறைத்தார். லாரிகள் தாண்டிப் போயின. கூட்டேரிப்பட்டு வந்தது. ஊருக்குள் திரும்புகிற ரோடு குண்டும் குழியுமானது, திருப்பினால் அவள் எழுந்துவிடுவாள். துரைக்கண்ணு திருப்பவில்லை. இண்டிகேட்டரைக்கூடத் தொடாமல், நேராகத் திண்டிவனத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போனார்.