பிடுங்கிய காற்று

சென்னம்மாளின் மிளகுக் களத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு முழம் காற்றை நான் வேரோடு பிடுங்கிவிட்டேன். மூன்று வருடம் முந்திய தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே கால். பிடுங்கிய இடத்திலிருந்து, பத்து நாள் கிடந்து புளித்த மரவள்ளித் திப்பியின் நாற்றத்தோடு வெள்ளையாக ஒரு கொழகொழப்பு சொட்டத் தொடங்கியது. எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், அன்று வேறு விசேஷம் இல்லை. முதல் பஸ் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதம்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் ஆரோக்கியமேரி, ஐரோப்பாக்காரர்கள் முன்னொரு காலத்தில் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டைபோட்ட நெட்டை வாளைத் திருச்சியில் பழகியவர். வாரம் ஒரு நாள் என்னையும் சேர்த்து ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பக்கம் சமதரை என்றால் சென்னம்மாளின் சிமெண்டுக் களம்தான், கேட்டதும் கொடுத்துவிட்டாள். வாள்முனையைத் தரைப்பக்கம் தொங்கவிட்டு, தோற்றுப்போனவன் மாதிரி நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் முட்டாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். பஞ்சாயத்துத் தொட்டிக்கு மோட்டார் போடுகிற எனக்கு அது பழகாமலே வந்தது. எதிராளி ஏமாந்து கிட்டே வரும்போது கீழிருந்தபடியே மேல்நோக்கி வெட்ட வேண்டும். கை முந்த வேண்டும், கால் பிந்த வேண்டும், பிடி இளகியிருக்க வேண்டும். நானோ பத்து வயதிலிருந்து மரவள்ளி பிடுங்குகிறவன். இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து, ஒரே இழுப்பு. காற்று கிழங்கைப்போல வந்துவிட்டது. திரும்ப வைத்துப் பார்த்தோம். அதற்குள் வெயிலில் சுருங்கிவிட்டது, பொருந்தவில்லை.

சொட்டியது எச்சில்போல நூல்விட்டு இறங்கியது. அதில் அரிசி நீளத்துக்குப் புழு நெளிந்தது. கோழிகூட ஒரு தரம் கொத்திவிட்டு அலகை மண்ணில் தேய்த்துக்கொண்டது. அந்த வருடம் களத்தில் காய்ந்த மிளகை வாயில் போட்ட வியாபாரி, வாசலிலேயே துப்பி, மூன்று முறை கொப்பளித்து, மூட்டையைத் தொடாமல் போனான். சென்னம்மாளுக்கு இருந்ததே அந்தக் களமும் முப்பது கொடியும்தான். அப்புறம் சொட்டுக்கு அடியில் ஓர் அண்டாவை வைத்துவிட்டு, மிளகைக் காயப்போட அரை மைல் தள்ளியிருக்கும் பாறைக்குச் சுமந்தாள். பார்வையிட வந்த அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்து, இது எந்தத் துறையில் வரும் என்று கேட்டுவிட்டு ஜீப் ஏறினார். மலை இறங்கும்போது பாதையின் எழுபது வளைவில் ஒன்பதில் நிறுத்தி வாந்தியெடுத்தாராம்.

பிடுங்கியவனே ஒழுங்காக வெட்டினால் மூடிக்கொள்ளும் என்று நானே முடிவுகட்டினேன். தினமும் மோட்டார் போட்டபின் ஓட்டைக்கு அடியில் முட்டாளாக நின்று கீழிருந்து வீசினேன். தலையில் விழுந்ததைச் சீயக்காய் வெல்லவில்லை; என் பெண்டாட்டி பானுமதி சோற்றுத் தட்டை எட்டத்தில் வைத்து விளக்குமாற்றால் தள்ளினாள். ஆரோக்கியமேரியைக் கேட்டால், "கை வருதுண்ணே, தோள் எறங்கியிருக்கு" என்பார். டீக்கடை ராசப்பன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "முந்திக்கு இப்ப பரவால்லீங்க" என்பான். சென்னம்மாளைக் கேட்டால், "சாப்டீங்களாண்ணா?" என்பாள். மூன்று வருடம் இந்தப் பதில்களை நம்பியே வீசினேன்.

போன வாரம், தலையில் மிளகுக்கூடையோடு பாறைக்குக் கிளம்பியவளை மறித்து, சத்தியமாகச் சொல், நாற்றம் குறைந்ததா என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்தாள்.

"கொறையலீங்கண்ணா. நாறுது. நீங்க ஒவ்வொருக்கா வீசறப்பவும் இன்னுங் கொஞ்சம் பிய்யுது. மொதல்ல ஒரு முழம், இப்ப என்ற சேலை நீளம் இருக்குது. உங்க மனசு நோவுமேன்னுதான் யாரும் சொல்லல. அந்த வாள ஊட்டுல வெச்சிருங்க. போறப்ப அண்டாவ மட்டும் இந்தப் பக்கமா நகத்திட்டுப் போங்க."

நகர்த்தி வைத்தேன். சொட்டு சரியாக நடுவில் விழுந்தது.