டெரிக் கை வைத்த பாடை

ஸ்ரீராம்புரத்தில் சீனுவின் பிணத்தைப் பதினாறு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அடுத்த சந்தில் கிளெமென்ட்டின் பிணமும் அதேபோல் அசையாமல் கிடந்தது. கிரேன்காரன் வந்து பார்த்து, சந்துக்குள் வண்டி நுழையாது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான். மூன்று நாளாகியும் இரண்டும் நாறவில்லை. தெருவுக்கு அது ஒரு சௌகரியம்.

அது மானத்தின் கனம் என்பது சீனுவின் அம்மா சந்திரம்மாவுக்குத் தெரியும். அதற்கு மூன்று வருஷம் முன் அவள் புருஷன் சின்னப்பாவும், அதே தெருப் பையன் டெரிக்கின் அப்பாவும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தார்கள். இறக்கிவிட்டவர் கிளெமென்ட்டின் அப்பா, மேஸ்திரி. அப்பனைக் கொன்றவன் எதிரே நடமாடுகிறான், நீயெல்லாம் ஆம்பளையா என்று கேட்டுத் தெரு சீனுவை டீக்கடையில் உட்காரவிடவில்லை. அவன் மேஸ்திரியைக் குத்திக் கொன்று ஜெயிலுக்குப் போனான். மேஸ்திரி கான்ட்ராக்டர் சொன்னதைச் செய்தவர்தான் என்பது பிறகு தெரிந்தது. சீனு ஜாமீனில் வந்ததும் அதே தெரு, அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே கேள்வியைக் கிளெமென்ட்டிடம் கேட்டது. கரகத் திருவிழாவன்று இருவரும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு விழுந்தார்கள். கடைசியாக அவர்கள் பேசிக்கொண்டதை ஓடிவந்த சந்திரம்மா மட்டும் கேட்டாள்.

"உன் மேல எனக்குக் கோவமே இல்லடா," என்றான் சீனு.

"தெரியும்டா. தெரு நம்மள சும்மா வுடலியே," என்றான் கிளெமென்ட்.

டெரிக் மட்டும் கத்தி எடுக்கவில்லை. அப்பா செத்த வாரமே அந்தக் கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது கான்ட்ராக்டே அவன் கையில். அப்போது கோழை என்றவர்கள் இப்போது சார் என்கிறார்கள். நான்காம் நாள் மூன்று செட் மேளமும் பூப்பல்லக்கும் கொண்டுவந்தான். இருவரும் மானஸ்தர்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒவ்வொரு பாடையிலும் கை வைத்தான். சீனு காலிக் கூடைபோல் எழுந்தான், பின்னாலேயே கிளெமென்ட்டும். சந்திரம்மா மாரில் அடித்துக்கொண்டாள். பெற்றவள் காலைப் பிடித்துக் கெஞ்சியபோது அசையாத பிள்ளை, லாபம் பார்த்தவன் கைக்கு எழுந்துவிட்டானே.

அதிலிருந்து அந்தத் தெருவில் யார் செத்தாலும் டெரிக் கை வைக்காமல் பாடை எழுவதில்லை. டாக்டருக்கு முன்னால் அவனுக்குத்தான் போன் போகிறது. ஞாயிறு மட்டும் வரமாட்டான். போன வருஷம் அவன் ஆள் இறக்கிய குழியில் செத்த இருவருக்கும் அவனே வந்து கை வைத்தான், எழுந்தார்கள்.

சந்திரம்மா பக்கத்து வீட்டு சுனிதாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். "நான் செத்தா அவனக் கூப்புடாத. இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

சரிக்கா என்றாள் சுனிதா. அன்று சாயங்காலமே வீட்டு ஓனரைப் பார்த்து, சந்திரம்மா செத்த பிறகு அவள் அறையை வேறு யாருக்கும் வாடகைக்கு விட முடியாது என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டாள்.