இளையவளின் வாளி

மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய பால்கனி. அந்தப் பால்கனியில் ஓரகத்திகள் இருவரும் ஆளுக்கொரு பழைய பெயிண்ட் வாளி வைத்திருந்தார்கள். காய்கறித் தோலை மக்க வைத்துச் செடிக்கு உரமாக்கும் யோசனை மூத்தவளுடையது. வாளியில் துளை போட்டதும் அவள்தான். இளையவள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "நானும் ஒண்ணு வச்சுக்கவாக்கா?" என்று கேட்டாள்.

அங்கே பிடித்தது வினை. ஒரே சமையலறை, ஒரே தோல், ஒரே டீத்தூள். ஆனால் மூத்தவளின் வாளி சொதசொதவென்று நாறியது. இளையவளுடையதில் கறுப்பாக, பொலபொலவென்று உரம் இறங்கியது. மாமனார் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "இதைக் குப்பைன்னு சொன்னா யாரும்மா நம்புவா?" என்றார். மூத்தவளின் வாளியைத் தாண்டும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள். கைவேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள். ஆரம்பித்தது நான், பேர் இவளுக்கா? வாழைப்பழத் தோலெல்லாம் தன் வாளிக்கே வரும்படி பார்த்துக்கொண்டாள். தோல் சீவும் சாக்கில் உருளைக்கிழங்கில் பாதியைச் சீவித் தள்ளினாள். தட்டில் கிழங்கு குறைந்தது, வாளியில் நாற்றம் கூடியது.

ஒரு மத்தியானம், மாமனார் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரம், இளையவளின் வாளியில் கைவிட்டு இரண்டு பிடி அள்ளித் தன் வாளியில் தூவினாள். மூன்றாவது பிடிக்குக் கை உள்ளே போயிருந்தபோது, பேக்கரி வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்ட இளையவள் பின்னால் நின்றாள்.

"என்னக்கா?"

"ஊசி விழுந்துடுச்சு." வாய் முந்திக்கொண்டது.

"அங்க என்ன விழுந்துச்சு?" என்றார் மாமனார் உள்ளேயிருந்து.

"அக்காவோட ஊசி மாமா. நாங்க தேடிக்கிறோம்."

இளையவள் பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இல்லாத ஊசியைத் தேடினார்கள். மூத்தவளின் விரலில் நைந்துபோன அட்டைத் துண்டுகள் தட்டுப்பட்டன.

"இதெல்லாமா போடுவ?"

"கடையில தூக்கிப்போடுற அட்டைப்பெட்டிக்கா. கிழிச்சுப் போட்டா ஈரத்தை இழுத்துக்கும். நீங்க போடுற வெட்டுத்துணி நைலான், அது மக்காது. சொன்னா தப்பா எடுத்துப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

மூத்தவளுக்குக் காது சுட்டது. கடைசிப் பிடியும் அலசியாயிற்று. அதற்கு மேல் தாங்காமல் குரலைத் தாழ்த்தி, "ஊசி ஒண்ணும் விழலடி" என்றாள்.

"தெரியும்க்கா. நீங்க அள்ளினதப் பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு உக்காந்து தேடின?"

"தேடலன்னா மாமா எந்திரிச்சு வந்து என்னன்னு கேப்பாரே."

சொல்லிவிட்டுப் பாதி உரத்தை மூத்தவளின் வாளியில் தள்ளி, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மூத்தவளின் வாளி அதன் பிறகு தேறிவிட்டது. அவள்தான் தேறவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு கேட்டிருக்கலாம். போட்டுக் கொடுத்திருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். உரம் போனால் போகிறது, நல்ல மனசிலுமா இவள் முந்திக்கொள்ள வேண்டும் என்று மெஷினை மிதித்தபடியே புழுங்கினாள்.