ஒரு துணைக்கால் குறைகிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடத்தூர்ச் சந்தையில் ஒருவர் "நானா எடுத்தேன்?" என்று கத்தினார். தள்ளி நின்ற என் காதில் "நான் எடுத்தேன்" என்று விழுந்தது. ஆளைத் திருடன் என்று முடிவுகட்டி, என் பையை இறுக்கிக்கொண்டேன். கதை பிறந்தது அங்கேதான்.

2

1938. நீதியின் திருவிளக்கு சுடர்விடும் தருமபுரி சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்—

(வேண்டாம். விளக்கை நான் பார்க்கவில்லை. தலைக்குமேல் கயிறிழுத்து ஆட்டும் பங்கா ஆடியது, அவ்வளவுதான்.)

சித்தேரி மலைக்காரர் சென்றாயன் கூண்டில் நிற்கிறார். காட்டில் சந்தனமரம் வெட்டியதாக வழக்கு. போன மாதம் அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியவர் மாஜிஸ்திரேட் வெங்கடாசலம். இன்று வழக்கை விசாரிப்பவரும் அவரே. 'மனமுவந்து சொன்னான்' என்று அடியில் சான்றும் எழுதியிருந்தார். (வாசலில் நின்ற போலீசாரின் மனதைச் சொன்னாரோ என்னவோ.) தன் கையெழுத்தைத் தானே படித்து, தானே மெச்சிக்கொண்டார்.

"'நான் வெட்டினேன்' என்று என்னிடமே ஒப்புக்கொண்டாயே?"

"'நானா வெட்டுனே?'ன்னு கேட்டனுங்க சாமி. நீங்க பதில் சொல்லாம எழுதிக்கிட்டீங்க."

"நானா தப்பாக எழுதினேன்?"

(குமாஸ்தா இதையும் துணைக்காலை விட்டுவிட்டு எழுதினால் கதை இங்கேயே முடிந்துவிடும். எழுதமாட்டார். அவர் பிள்ளைகுட்டிக்காரர்.)

3

சென்றாயன் மனைவி சின்னபொண்ணுவை இங்கே அழவைக்கலாம் என்றிருந்தேன். "ஐயா, என் தாலியை—"

அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் அழ மறுத்துவிட்டார். கூட்டத்திலிருந்து எழுந்தார்.

"சாமி, அன்னைக்கு ரூமுக்குள்ள இருந்தது நீங்க ரெண்டு பேருதானுங்க. இவரு கூண்டேறிட்டாரு. நீங்களும் ஏறி, காதுல என்ன வுழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாயா? அப்புறம் தீர்ப்பை யார் சொல்வது?"

"வேற யாரையாச்சும் உக்கார வெய்யுங்க. நாற்காலி என்ன உங்க வூட்டுதுங்களா?"

டவாலிச் சேவகர் "சைலன்ஸ்!" என்று கத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார்.

4

ஒரு முடிவு: வெங்கடாசலம் மனம் திருந்தி இறங்குகிறார். (அவரைப் படைத்தவன் சொல்கிறேன், இறங்கமாட்டார்.)

இன்னொன்று: ஆறு மாதம் கடுங்காவல், சென்றாயனின் சாமைக்கொல்லை காட்டுப்பன்றிக்கு. நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுத மறுக்கிறேன்.

விடுதலை என்று எழுத ஆசைதான். ஆனால் சென்றாயன் பேசியதை எழுதியவனும் நான்தானே? தீர்ப்பும் நானே சொன்னால், எனக்கும் வெங்கடாசலத்துக்கும் அவர் போட்டிருக்கும் கோட்டு மட்டும்தான் வித்தியாசம்.

பேனாவை மூடிவிட்டேன். நாற்காலியில் யார் உட்காருவது என்பதை இனி நீங்கள் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: சின்னபொண்ணு எழுந்தவர் எழுந்தவர்தான். இன்னும் உட்காரவில்லை.