நனைந்த முடிச்சு

நாய்க்குட்டி பஞ்சு செத்த அன்றைக்கு, அதை விற்ற நாய்க்காரம்மாவுக்கு அவர் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூறு. மாதம் எழுநூறு என்று பேசி, பாதிதான் கட்டியிருந்தார்.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவனுக்கு எதுக்குய்யா பங்களா நாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்காத நாளில்லை. முதலில் உன் மண்டையில் நாலு முடி வளர்க்கப் பார் என்றுகூட ஒருத்தன் சொன்னான்.

சங்கதி இதுதான். வாதம் வந்து அவர் மனைவிக்கு வலது கை விழுந்துபோனது, பேச்சும் குழறியது. விரலுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் மடங்கியே போய்விடும் என்று கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார். மனைவி அதைச் சீந்தக்கூட இல்லை. அப்புறம்தான் குட்டி விற்கிற வீட்டைத் தேடிப் போனார். இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று குட்டை முடி, துறுதுறுவென்று ஓடியது, பாதி விலை. மற்றது தரையைக் கூட்டுகிற மாதிரி வெள்ளை முடி, மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

நாய்க்காரம்மா ஒளிக்காமல் சொன்னாள். "அண்ணே, இந்த முடியைத் தினம் சீவணும். மேலால இல்ல, தோல் வரைக்கும். முடியுமான்னு யோசிச்சுக்குங்க."

அவள் கையால் சீவத்தானே வாங்குகிறேன் என்று நீளமுடியையே தூக்கிக்கொண்டார்.

வீண்போகவில்லை. ஒரு மாதத்தில் மனைவியின் விரல்கள் சீப்பைப் பிடித்தன. மூன்றாம் மாதம் "பஞ்சு" என்று பிசிறில்லாமல் கூப்பிட்டாள். கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷமாச்சு, என்னைக்கூட இப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை என்று கிடங்கில் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவள் கை முதுகு வரைக்கும்தான் எட்டும். காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் அடிவயிற்றிலும் சீவுவது அவர் பங்கு. தோள் செத்துப்போய் வருகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். ஞாயிறு வந்தால் தொட்டியில் உட்காரவைத்து வெந்நீரை ஊற்றுவார். சிக்கு ஊறினால் தானே விட்டுக்கொடுக்கும் என்று நினைப்பு. வெளியே பார்த்தால் பால் மாதிரி மின்னும். தொட்டால் முனகும். செல்லம் கொஞ்சுது என்பார்.

லாரிக் கயிற்றில் மழை பட்டால் முடிச்சு இறுகிப்போகும், நனைவதற்குள் அவிழ்க்கணும், நனைந்துவிட்டால் அறுக்கத்தான் வேணும் என்று கிடங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். வீட்டு வாசல்படி ஏறினதும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

நாற்றம் வந்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் சிக்கைக் கத்தரித்தபோது அது கம்பளித் துண்டு மாதிரி மொத்தையாகக் கழன்றது. அடியில் தோல் இல்லை, புழுதான் இருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது.

மனைவி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. சீப்பை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாதக் கடைசிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் போயின. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமென்று எடுத்துப் போனவர், பாதியில் நின்று, தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார்.

ஒண்ணாந்தேதி நாய்க்காரம்மா வந்தாள். கூலியில் முன்பணம் வாங்கி, நாலாயிரத்து இருநூறையும் மொத்தமாக எடுத்துவைத்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு அவள் முன்னால் வைத்தார்.

"உசிரோட இருந்தா வாங்கியிருப்பேன். இதுக்குப் போய் என்னத்த வாங்குறது?" பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து அவர் கணக்கின் குறுக்கே கோடு போட்டாள்.

"வாங்கிக்கோம்மா. அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்ன நீ."

அவள் கட்டிலையும் அந்த மடங்கின கையையும் ஒரு தரம் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"திட்டிட்டாவது போ" என்றார்.

"எதுக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பணம் வைத்த இடத்திலேயே கிடந்தது.